தரங்கம்பாடி: பெயரும் இடமும்

கடற்றுறை ஊர்களின் பெயர் வரலாற்றை ஆராய்வார்க்குச் சோழநாட்டுத் தரங்கம்பாடி பெரிதும் பயன்படுவதாகும். கிழக்கே கடலும், அருகே உப்பனாறும், மேற்கே பொறையாறும் சூழ அமைந்தது இச்சிற்றூர்.

கரையோரத்து மாசிலாமணிநாதர் திருக்கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த அங்குள்ள கல்வெட்டு, ஊரைச் சடங்கன்பாடி எனவும் குலசேகரன்பட்டினம் எனவும் குறிக்கின்றது. சடங்கம் என்பது வேதத்தின் ஆறு அங்கங்கள்; அவற்றில் வல்லான் சடங்கன் எனக் கொள்ளலாம். சுந்தரர் வரலாற்றில் வரும் புத்தூர்ச் சடங்கவியார் பெயரும் இத்தகையதே. பின்னைய பெயர் மன்னனைச் சார்ந்தது. மன்னன் பெயர் வழக்கொழிந்தது, பாடி நின்றது.

தரங்கம் என்பது அலையாதலின், 'அலைகள் பாடும் ஊர்' என்று இக்காலத்தார் பொருளுரைப்பர். கேட்டற்கு இனிதே, எனினும் வாணியம்பாடி, காட்பாடி என்பவற்றிற் போல ஈண்டும் பாடி என்பது பாடுதலன்று, குடியிருப்பேயாம். சடங்கன் என்ற பழஞ்சொல்லின் பொருள் மறையவே, கடலருகு வாழ்வார் நாவில் அது தரங்கம் எனத் திரிந்தது போலும்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் வணிக உரிமை பெற்ற டேனியர், டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பி, ஊரை 'டிராங்கேபார்' என்றனர். பாடியின் டகரம் அவர்தம் வாயில் ரகரமாயிற்று. தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதும் இந்நெறியே. ஆகவே அந்நாளிலேயே தரங்கம்பாடி என்னும் பெயர் ஊன்றிவிட்டமை தெளிவாம். அரசர் வீதி, அரசி வீதி என்பன அவர்கள் இட்ட தெருப்பெயர்கள். 1792இல் கட்டிய நகரவாயில் இன்றும் நிற்கின்றது. 1845இல் ஊர் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. அதன்பின் துறைமுகச் சிறப்புக் குன்றியது.

கடலோ ஆண்டுதோறும் கரையை அரித்து, திருக்கோயிலின் முன்பகுதியையும் கொண்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் ஊரைத் தாக்கியது.

ஆதலின், திருப்பணி செய்யும் அன்பர்கள் எழுத்துடைய கற்களைச் சுண்ணத்தால் மறையாது படியெடுத்துக் காக்க. ஊர்தோறும் முதியோர் நாவிலுள்ள குளம், துறை, திடல், தெரு ஆகியவற்றின் பெயர்களையும் எழுதி வைக்க. சடங்கன்பாடியை ஊரார் நா மறந்தது, அரசும் மறந்தது, எஞ்சிய கல்லன்றோ அதனை நமக்கு உரைத்தது!