சிங்கப்பூரில் சமூகப் பணித் தொழில்: 1952-ஆம் ஆண்டுப் பட்டயம் முதல் பதிவுச் சான்று வரை

முன்னுரை

சமூகப் பணியாளர் என்னும் சொல் தமிழில் இருவேறு மனிதர்களைக் குறிக்கின்றது. திருவிழாக் காலத்தில் நீர்மோர்ப் பந்தல் அமைப்பவரையும், ஏழை மாணவர்க்குப் பாடநூல் வாங்கித் தருபவரையும் சமூகப் பணியாளர் என்கிறோம். பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்று, மருத்துவமனையிலோ குடும்ப சேவை நிலையத்திலோ ஊதியம் பெற்றுப் பணிபுரிபவரையும் அவ்வாறே அழைக்கின்றோம். முன்னவர் செய்வது தொண்டு. பின்னவர் செய்வது தொழில். இரண்டும் மதிப்பிற்குரியனவே. எனினும் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதால், பின்னதற்கெனத் தனிக் கல்வியும் தனி ஒழுக்க நெறியும் தேவை என்பது நம் சமூகத்தில் போதிய அளவு உணரப்படவில்லை.

சிங்கப்பூரில் இத்தொழில் எவ்வாறு உருப்பெற்றது, அதில் தமிழர் ஒருவர் பெற்ற இடம் யாது, தகுதிச் சான்று எப்போது எவ்வாறு வந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. இத்துறையில் உயர்கல்வி பெற விரும்பும் மாணவர் எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதற்கும் இவ்வரலாற்றிலிருந்து விடை தேடுகின்றோம். சான்றிதழ் பிற்காலத்தில் வந்தது. மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியோ தொடக்கம் முதலே இத்தொழிலின் உயிராக இருந்துள்ளது. அக்களத்தில் பேசப்படும் மொழி யாது என்னும் வினாவுக்குத்தான் இன்றளவும் உரிய கவனம் கிட்டவில்லை. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

தொண்டிலிருந்து தொழிலுக்கு

மருத்துவமனைச் சமூகப் பணியின் தொடக்கத்தை 1895-ஆம் ஆண்டில் காணலாம். அவ்வாண்டு இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்னும் பெண்மணி 'அல்மோனர்' பதவியில் அமர்த்தப்பட்டார். பிச்சை, தருமம் ஆகிய பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இலவச மருத்துவம் பெற உண்மையில் தகுதியுடையோர் யார் எனக் கண்டறிவதே அவருக்கு முதலில் இடப்பட்ட பணி. ஒருவருடைய வறுமையை அறியப் புகுந்தவர், அவ்வறுமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பையும் அறிய நேர்ந்தது. இவ்வாறு கணக்குப் பார்க்கும் பணி, துயர் அறியும் பணியாக மாறியது.

சிங்கப்பூரில் போருக்கு முன்னர் இத்தகைய உதவிகள் பெரும்பாலும் இனவழிச் சங்கங்களிடமும் சமய அமைப்புகளிடமுமே இருந்தன. தமிழரிடையே 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழும் சமூக மேம்பாட்டைத் தம் நோக்கமாகக் கொண்டிருந்தன. 1928-இல் இங்குக் காலூன்றிய இராமகிருஷ்ண மிஷன், கல்விப் பணியோடு ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தையும் பின்னர் நடத்தியது. இவை யாவும் தொண்டின் பாற்பட்டவை.

ஜப்பானியர் ஆட்சி முடிவுற்றபோது பசியும் நோயும் வீட்டுப் பற்றாக்குறையும் தொண்டு நிறுவனங்களால் தாங்கவியலாத அளவுக்குப் பெருகியிருந்தன. 1946-இல் சமூகநல இலாகா அமைக்கப்பட்டது. மலிவு விலையில் உணவு வழங்கும் மக்கள் உணவகங்களை அது நடத்தியது. 1947-இல் நகர மக்களின் வாழ்நிலை குறித்து ஒரு சமூக ஆய்வையும் மேற்கொண்டது. அதே இலாகாவில் பணியாற்றிய கோ கெங் சுவீ, 1953-54-இல் நகர வருமானமும் வீட்டுவசதியும் பற்றி நடத்திய ஆய்வு 1956-இல் நூலாக வெளிவந்தது. பிற்காலத்தில் சிங்கப்பூரின் பொருளாதாரத்தை வடிவமைத்த அமைச்சர் அவரே. வறுமையை இரக்கத்தோடு நோக்குவதோடு அமையாமல் அதனை அளந்தறிய வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. அளந்தறியப் பயிற்சி பெற்றோர் தேவைப்பட்டனர்.

1952: மூன்று நகரங்கள்

இத்தேவையை நிறைவு செய்ய, 1949-இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழகம், 1952-இல் சமூகவியல் கல்விக்கான ஈராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூகப் பணித்துறை தன் தொடக்கத்தை இப்பட்டயத்தில்தான் காண்கின்றது. 1950-இல் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, சமூகநல இலாகாவிலும் பணிபுரிந்த ஆன் வீ அம்மையார் 1957-இல் இத்துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் அதன் தலைவராக 1986 வரை நீடித்தார். 2019-இல் மறைந்த அவரைச் சிங்கப்பூர்ச் சமூகப் பணியின் தாய் எனப் போற்றுவர்.

அதே 1952-ஆம் ஆண்டில் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னை சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1936-இல், பம்பாயில் சர் தொராப்ஜி டாடா பட்டமேற்படிப்புச் சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பெற்றிருந்தது. 1944 முதல் அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் என வழங்கலாயிற்று.

இம்மூன்றையும் ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு புலனாகின்றது. பம்பாயில் சமூகப் பணிக் கல்வி பட்டமேற்படிப்பாகவே தொடங்கியது; இந்தியாவில் இன்றும் ஈராண்டு முதுகலைப் படிப்பே இத்தொழிலின் முதன்மைத் தகுதியாகக் கொள்ளப்படுகின்றது. சிங்கப்பூரிலோ அது பட்டயமாகத் தொடங்கி இளங்கலையாக வளர்ந்தது. இவ்வேறுபாடு இன்று ஒரு நாட்டில் பயின்று மற்றொரு நாட்டில் பணிபுரிய விரும்பும் மாணவரை நேரடியாகப் பாதிக்கின்றது.

நம் துறைக்குரிய ஒரு செய்தியையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். அதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை நிறுவப்பெற்றது. 1959-இல் அது கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. மக்களின் துயரைக் கற்பித்த துறையும் மக்களின் மொழியைக் கற்பித்த துறையும் மூன்றாண்டுக் காலம் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே நகரில் இருந்தன.

எஸ். ஆர். நாதன்: ஒரு சான்று

பட்டயத்தின் தொடக்க ஆண்டுகளில் பயின்றோருள் தமிழர்க்கு மிகவும் அறிமுகமானவர் செல்லப்பன் இராமநாதன் என்னும் எஸ். ஆர். நாதன் (1924-2016). சிங்கப்பூரின் ஆறாவது அதிபராக 1999 முதல் 2011 வரை விளங்கிய அவர், தொழிலால் சமூகப் பணியாளராகத் தொடங்கியவர் என்பதைப் பலர் அறியார்.

இளமையில் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பு தடைப்பட்டு, சிறு வேலைகள் செய்து வளர்ந்தவர் அவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அம்மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். போருக்குப் பின் எழுத்தராக வேலை செய்துகொண்டே படித்து, வயது முதிர்ந்த மாணவராகப் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். 1954-இல் சமூகவியல் கல்விப் பட்டயத்தைச் சிறப்புநிலையில் பெற்றார். 1955-இல் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக, அதாவது அல்மோனராக, அரசுப் பணியில் சேர்ந்தார். 1956-இல் கடலோடிகள் நல அதிகாரியானார். 1962 முதல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தொழிலாளர் ஆய்வுப் பிரிவில் பணியாற்றி, 1966-இல் வெளியுறவு அமைச்சிற்குச் சென்றார்.

இவ்வாழ்க்கை வரலாற்றிலிருந்து நம் ஆய்வுக்கு இரு கருத்துகள் கிடைக்கின்றன. முதலாவது, அவர் பணியேற்றபோது இத்தொழிலுக்குப் பதிவேடும் இல்லை, உரிமமும் இல்லை. பல்கலைக்கழகம் தந்த பட்டயமும் அரசு தந்த பணி ஆணையுமே தகுதிக்குச் சான்றாயின. இரண்டாவது, மருத்துவமனை, துறைமுகம், தொழிற்சங்கம் என இடங்கள் மாறினும் அடிப்படைத் திறன் மாறவில்லை. தன் நிலையைத் தானே எடுத்துரைக்க இயலாத ஒருவரின் பேச்சைப் பொறுமையுடன் கேட்டு, அதனை முடிவெடுப்போர்க்குப் புரியும் மொழியில் முன்வைப்பதே அத்திறன். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சமூகப் பணியாளரானது தற்செயலாயினும், அவ்விரு பணிகளுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று.

இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி கற்பிக்கும் புலம் எஸ். ஆர். நாதன் மனித மேம்பாட்டுப் புலம் என்னும் பொருள்பட அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பதிவுச் சான்றின் வருகை

தொழில் வளர்ந்த பின்னரே தொழிலாளர் அமைப்பும், அதன் பின்னரே தகுதிச் சான்றும் தோன்றுதல் இயல்பு. மருத்துவமனைப் பணியாளர்கள் 1954-இல் மலாயா அல்மோனர் சங்கத்தை அமைத்தனர். அச்சங்கமும் தொழில்முறைச் சமூகப் பணியாளர்களின் பிறிதொரு சங்கமும் இணைந்து, 1971-இல் சிங்கப்பூர் சமூகப் பணியாளர் சங்கம் உருவாயிற்று. 2009 ஏப்ரலில் சமூகப் பணியாளர்களுக்குத் தரச்சான்று வழங்கும் வாரியம் செயல்படத் தொடங்கியது. முதல் பட்டயத்திற்கும் இவ்வாரியத்திற்கும் இடையே 57 ஆண்டுகள் கடந்திருந்தன.

பதிவு பெற்ற சமூகப் பணியாளர் என்னும் தகுதியை அடைய, ஏற்கப்பெற்ற சமூகப் பணிப் பட்டம், மேற்பார்வையின்கீழ் ஆற்றிய பணி அனுபவம், தொழில் ஒழுக்க நெறிக்கு உடன்படுதல், தொடர்கல்வி ஆகியவை வேண்டப்பட்டன. 2009-இல் தொடங்கிய இவ்வேற்பாடு மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோர்க்கு உள்ளது போன்ற சட்டவழி உரிமமன்று, தரத்திற்கான சான்றாகும்.

பிற நாடுகளின் நிலை வேறு. அமெரிக்காவில் மாநிலந்தோறும் தனி உரிமச் சட்டமும் தேர்வும் உள்ளன. சிகிச்சை சார்ந்த பணிக்கு முதுகலைப் பட்டமும் அதன் பின்னர் மேற்பார்வையுடன் கூடிய அனுபவமும் தேவை. இங்கிலாந்தில் 2005 முதல் பதிவு பெறாத ஒருவர் தம்மைச் சமூகப் பணியாளர் எனக் கூறிக்கொள்வதைச் சட்டம் தடுக்கின்றது. இந்தியாவில் மருத்துவத்துறை சார்ந்த சமூகப் பணியாளர்கள் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் குறித்த சட்டத்தில் இடம்பெற்றனர்; முழுத் தொழிலுக்குமான நாடளாவிய பதிவு அமையவில்லை.

உயர்கல்வியைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ் பயின்று ஆசிரியராகவோ இதழாளராகவோ பணிபுரிந்த பின் சமூகப் பணிக்கு வர விழைவோர்க்குச் சிங்கப்பூரில் இருவகை வாயில்கள் உள்ளன. பிற துறைப் பட்டதாரிகளுக்கான பட்டமேற்பட்டயம் ஒன்று. முதுகலைப் பட்டம் மற்றொன்று. மேற்கூறிய இரு பல்கலைக்கழகங்களிலும் இத்துறையில் பட்டமேற்படிப்பு உண்டு. வெளிநாட்டில் பயில்வதும் இயலும். எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினாவிற்குப் பல்கலைக்கழகத்தின் புகழை மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது. மேற்கண்ட வரலாறு மூன்று வினாக்களை நம் முன் வைக்கின்றது.

முதலாவது, அப்பட்டம் தாம் பணிபுரிய விரும்பும் நாட்டில் ஏற்கப்படுகின்றதா? சென்னையில் பெற்ற முதுகலையும் அமெரிக்காவில் பெற்ற முதுகலையும் ஒரே பெயருடையனவாயினும், ஒவ்வொரு நாட்டின் பதிவு அமைப்பும் தனித்தே ஆராய்ந்து முடிவு செய்யும். எனவே சேர்வதற்கு முன்னரே எழுத்து வழியாகக் கேட்டறிதல் நலம்.

இரண்டாவது, களப்பயிற்சி எத்தனை மணிநேரம்? அமெரிக்காவின் சமூகப் பணிக் கல்வி மன்றம் முதுகலைக்குக் குறைந்தது 900 மணிநேரத்தையும் இளங்கலைக்கு 400 மணிநேரத்தையும் வகுத்துள்ளது. வகுப்பறைப் பாடங்கள் நிறைந்து களப்பயிற்சி குறைந்த ஆய்வுப் பட்டம் கல்வியாளர்க்குப் பயன்படலாம். பதிவு பெற விரும்புவோர்க்கு அது வழியடைத்துவிடக் கூடும்.

மூன்றாவது, அக்களப்பயிற்சி யார் நடுவில், எம்மொழியில் நிகழ்கின்றது? இவ்வினாவை எந்தப் படிவமும் கேட்பதில்லை. நாமே கேட்க வேண்டியிருக்கின்றது.

களத்தின் மொழி

1991-இல் தொடங்கப்பெற்ற சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், சிராங்கூன் சாலைக்கு அண்மையிலுள்ள பீட்டி சாலையிலிருந்து இயங்கி வருகின்றது. இந்திய மாணவரின் கல்வி முன்னேற்றத்தை நோக்கமாகக் கொண்டு தொடங்கிய இச்சங்கம், பிள்ளையின் படிப்பைக் குடும்பத்தின் நிலையிலிருந்து பிரித்தல் இயலாது என்பதால் குடும்ப நலப் பணிக்கும் விரிந்தது. லிட்டில் இந்தியாவில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கான தேவை மற்றொரு வகையினது. 2008-இல் கஃப் சாலையில் ஒரு தன்னார்வ அமைப்பு வேலையிழந்த தொழிலாளர்களுக்கு இலவச உணவு வழங்கத் தொடங்கியது. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் இறந்ததும், அதனைத் தொடர்ந்த கலவரமும் யாவரும் அறிந்தவை. 2020-இல் கோவிட் தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது, அச்சமுற்றவரிடம் அவர் மொழியில் பேச வல்லவரின் தேவை வெளிப்படையாயிற்று.

'மனம் சரியில்லை' என்று ஒருவர் கூறுகின்றார். இத்தொடர் துக்கத்தைக் குறிக்கலாம். கணவன் மனைவி பூசலைக் குறிக்கலாம். ஊரிலுள்ள கடனைக் குறிக்கலாம். மருத்துவ உதவி உடனடியாகத் தேவைப்படும் மனச்சோர்வையும் குறிக்கலாம். எது என்பதை அடுத்த வினாவே வெளிக்கொணரும். அவ்வினாவைத் தமிழில் எழுப்பத் தெரிய வேண்டும். அவ்வாறே, உதவி நாடி வரும் முதியவர் பணியாளரை 'அம்மா' என்றோ 'தம்பி' என்றோ உறவுமுறையிட்டு அழைக்கின்றார். அவ்வுறவை மறுக்காமலும், தொழிலுக்குரிய எல்லையைக் கடக்காமலும் பேசுதல் ஒரு திறன். ஆங்கிலப் பாடநூல் அவ்வெல்லையை விளக்கும். 'தம்பி' என்பதற்கு எவ்வாறு மறுமொழி கூறுவது என்பதை விளக்காது.

பட்டம், பணி அனுபவம், தொடர்கல்வி ஆகியவற்றைப் பதிவு முறை கணக்கில் கொள்கின்றது. மொழித்திறனை அது தனியே அளப்பதில்லை. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் விளங்கியும், இத்தொழிலின் கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. அக்கல்வி ஆங்கிலத்தில் நிகழ்வதை நாம் குறை கூறவில்லை. அக்கல்வியைப் பெற்ற தமிழ் இளைஞர், தாம் கற்றதைத் தமிழில் கையாளத் துணைசெய்யும் பாடமோ சொற்றொகுதியோ இல்லாது களத்தில் இறங்க நேரிடுவதையே சுட்டுகின்றோம்.

முடிவுரை

1952-இல் பட்டயமாகத் தொடங்கிய சமூகப் பணிக் கல்வி, 2009-இல் பதிவுச் சான்றாக நிறைவுற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தொழிலைத் தாங்கி நின்றது களப்பயிற்சியே. ஆதலின் உயர்கல்வியைத் தேர்வு செய்யும் மாணவர், பட்டத்தின் பெயரினும் களத்தின் தன்மையை முதன்மையாக நோக்குதல் வேண்டும்.

தமிழ்த் துறைகளுக்கும் தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிப் படிப்பும் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பும் இன்று ஒருங்கே உள்ளன. நேர்காணல் தமிழ், குடும்பநலச் சொல்லாக்கம், பேச்சுத் தமிழில் கூறப்பட்டதைப் பிழையின்றி அறிக்கையாக்கல் என ஒரு பருவத்திற்குரிய பாடத்தையேனும் இரு துறையினரும் கூடி வகுத்தல் இயலும். 1956-இல் தோன்றி 1959-இல் நீங்கிய அண்மை மீண்டும் வாய்த்திருக்கின்றது. துன்புற்றவர் தம் மொழியில் கூறியதை, கூறிய பொருளிலேயே கேட்கவல்ல ஒருவரை அவர்முன் அமர்த்துவது, மொழி கற்பிப்போராகிய நம் கடமையுமாகும்.