துப்பாக்கியின் தோல்வியும் முறைமையின் வெற்றியும்
ஹாப்பர்ஸ் பெரி படைக்கலச் சாலையின் வரலாறு குறித்த சில சிந்தனைகள்

புதிய துப்பாக்கியை ஏற்பதா, பழகிய துப்பாக்கியையே தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துப் படைத்துறை வல்லுநருக்கு மட்டுமே உரியதாகத் தோன்றும். இலக்கிய மாணவன் ஒருவன் இதிற் கருத்துச் செலுத்துவது சிலருக்கு வியப்பளிக்கவுங் கூடும். ஆயின், உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியிற் படைகள் வகித்த பங்கினை மார்க்ஸ் 1857ஆம் ஆண்டு ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றிற் சிறப்பாக எடுத்துக்காட்டியுள்ளார். இயந்திரங்களின் பேரளவிலான பிரயோகம்கூடப் படைத்துறையிலேயே முதலில் தோன்றியது என்பது அவர் கருத்து. ஏங்கெல்சோ 1860–61ஆம் ஆண்டுகளில் றைபிளின் வரலாற்றையே தொடர் கட்டுரையாக எழுதியவர். எனவே, துப்பாக்கியின் வரலாறு சமூக வரலாற்றின் ஒரு கூறே என்ற அடிப்படையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஹாப்பர்ஸ் பெரி படைக்கலச் சாலையில் 1819 முதல் நிகழ்ந்தவற்றை இங்கு நோக்குவோம்.

1. இரு துப்பாக்கிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் படையினரிடம் இருந்தவை குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு, கோலினால் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கிகளே. எமது நாட்டு வேட்டைக்காரர் ‘இடியன்’ என வழங்கும் துவக்கைக் கண்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இவற்றுள் உட்புறம் வழவழப்பான குழலை உடையது மஸ்கெற். உட்புறத்திற் சுருள்வரிகள் வெட்டப்பெற்றது றைபிள். மஸ்கெற் விரைவாகச் சுடும், குறி தவறும். றைபிள் குறி தவறாது, ஆயின் கெட்டிப்பதற்கு நேரம் எடுக்கும்.

மேய்ன் பகுதியின் போட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜோன் ஹோல் என்பவர் 1811இல் உரிமம் பெற்ற றைபிள் இக்குறையைத் தீர்க்க முனைந்தது. அதன் குழலின் அடிப்புறத்தில் ஒரு தனிப்பாகம் இருந்தது. அதனை மேல்நோக்கி நிமிர்த்தி, மருந்தையும் குண்டையும் இட்டு, மீண்டும் அழுத்திப் பூட்டிவிடலாம். அப்பாகத்தை முழுமையாகக் கழற்றியெடுக்கவும் முடியும். சோதனையொன்றில் 38 வீரர் கொண்ட அணி 100 யார் தூரத்திலிருந்த இலக்கை நோக்கிப் பத்து நிமிடம் சுட்டபோது, மஸ்கெற்றினால் 845 முறை சுட்டு 208 முறை இலக்கைத் தாக்கினர். பழைய றைபிளினால் 494 முறை சுட்டு 164 முறை தாக்கினர். ஹோலின் றைபிளினாலோ 1198 முறை சுட்டு 430 முறை தாக்கினர். எண்களை மட்டும் நோக்கின், எதைத் தெரிவது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

ஆயினும் புதிய துப்பாக்கியிற் குறையும் இருந்தது. கழலும் பாகமும் குழலும் பொருந்துமிடத்தில் வெடிவாயு கசிந்தது. நாட்பட்ட பாவனையில் அது மேலும் மோசமாகியது. பழமையில் ஊறியோரின் பிடிவாதமே புதுமையைத் தடுத்தது என எல்லாவற்றையும் ஒரே வாய்பாட்டினுள் அடக்கிவிடுவதற்கு இடமில்லாத நிலை இது. குறை மெய்யானது, அதனை நீக்கும் உலோகத் தோட்டா அன்று இருக்கவில்லை.

2. உறுப்புப் பரிமாற்றம்

ஹோல் அரசுக்கு அளித்த வாக்குறுதி துப்பாக்கியோடு முடியவில்லை. ஒரு துப்பாக்கியின் எந்த உறுப்பையும் கழற்றி வேறெந்தத் துப்பாக்கியிலும் பொருத்தலாம் என்னும் வகையில் அவற்றைச் செய்து தருவதாக அவர் கூறினார். அக்காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு கம்மியனின் அரத்திலிருந்தே பிறந்தது. ஒன்றின் விசை முறிந்தால் மற்றொன்றின் விசை அதிற் பொருந்தாது; மீண்டும் அரத்தைக் கையிலெடுத்து அராவவேண்டும். 1812ஆம் ஆண்டுப் போரிற் பழுதுற்ற ஆயுதங்களைக் களத்திலேயே செப்பனிட முடியாத நிலையைக் கண்ட படைக்கலத் திணைக்களம், ஒருசீர்மையைத் தன் கொள்கையாக வரித்துக்கொண்டது.

இவ்வெண்ணம் அமெரிக்காவிற் பிறந்ததன்று. பிரான்சில் ஒனறே பிளாங் என்பவர் செய்த விசைப்பொறிகளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாய் இருந்ததை 1785இல் ஜெபர்சன் நேரிற் கண்டு எழுதியுள்ளார். பாடநூல்கள் இப்பெருமையை எலி விற்னிக்கு வழங்குவது வழக்கம். 1798இல் 10,000 மஸ்கெற்றுகளை இரண்டாண்டுகளில் தருவதாக ஒப்பந்தம் செய்த அவர், அவற்றைத் தந்து முடித்தது 1809இலேயே. 1801இல் தலைவர்கள் முன்னிலையில் அவர் நிகழ்த்திய செய்முறை விளக்கம் பெரும் புகழ் பெற்றது. ஆயின், எஞ்சியுள்ள அவரது துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர் பரிசோதித்தபோது அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தனிமனித மேதையை மையமாக வைத்து வரலாறு எழுதும் முறை எவ்வாறு தொன்மங்களை உருவாக்குகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஹோலின் பணி வேறு வகையினது. 1819இல் ஹாப்பர்ஸ் பெரியில் 1,000 றைபிள்கள் செய்வதற்கு அரசு அவரோடு உடன்பட்டது. மாதம் 60 டொலர் சம்பளமும் ஒவ்வொரு றைபிளுக்கும் ஒரு டொலரும் அவருக்கு வழங்கப்பட்டன. அந்த ஆயிரமும் நிறைவுபெற 1824ஆம் ஆண்டாயிற்று. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி துப்பாக்கி செய்வதிற் கழியவில்லை. துப்பாக்கி செய்யும் பொறிகளைச் செய்வதிற் கழிந்தது. வெட்டும் பொறிகள், அடித்து உருவாக்கும் அச்சுகள், அறுபதுக்கு மேற்பட்ட அளவைக் கருவிகள் என்பன அவ்வாறு தோன்றின. ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு புள்ளியை நிலைப்படுத்தி, எல்லா அளவுகளையும் அப்புள்ளியிலிருந்தே எடுக்கும் முறையை அவர் கையாண்டார். ஒரு பிழை அடுத்த பிழையைப் பெருக்காதிருக்க இதுவே வழி. 1827ஆம் ஆண்டின் ஆய்வுக் குழு 100 றைபிள்களைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, புதிய மரக்கட்டைகளிற் பொருத்திப் பார்த்து வியந்து அறிக்கையிட்டது. 1834அளவில், தொலைவிலுள்ள கனெக்ரிக்கற்றில் சிமியன் நோர்த் செய்த றைபிள்களின் உறுப்புகளும் ஹோலின் உறுப்புகளோடு மாற்றத்தக்கனவாய் அமைந்தன.

இங்கு ஓர் உண்மை அழுத்திக் கூறப்படவேண்டும். தடையற்ற சந்தையும் இலாப வேட்கையுமே புத்தாக்கத்தின் ஊற்று என்பர் முதலாளித்துவப் பொருளியலாளர். ஹோலின் பொறிகளோ இலாபம் தரவில்லை. செலவைக் கணக்கிடும் எந்தத் தனி முதலாளியும் பல்லாண்டுகள் இவ்வாறு பொறுத்திருக்கமாட்டான். பொறுத்தது அரசுத் திறைசேரி; படைக்கலத் திணைக்களத் தலைவர் கேணல் போம்போர்ட்டின் ஆதரவு அதற்குத் துணைநின்றது. பின்னாளில் தனியார் கைத்தொழில் அறுவடை செய்த பயிர் பொதுப்பணத்தில் விதைக்கப்பட்டது.

3. அரம் பிடித்த கைகள்

ஹாப்பர்ஸ் பெரிக் கம்மியர் உறுப்புக் கணக்கிற் கூலி பெற்றவர்கள். எப்போது வருவது, எப்போது போவது, எவ்வளவு செய்வது என்பவற்றைப் பெரிதும் தாமே தீர்மானித்தவர்கள். ஹோலின் பொறிகளையோ சிறுவர்களும் இயக்கலாம். அவரும் அதைப் பெருமையாகவே சொன்னார். ஆண்டுக்கணக்கிற் கண்ணும் கையும் பயின்ற திறமை பொறியினுள்ளும் அளவைக் கருவியினுள்ளும் குடிபெயர்ந்தது. முன்னர் ‘சரியா, பிழையா’ எனத் தீர்ப்பளித்தவன் கம்மியன். இப்போது அத்தீர்ப்பை ஓர் இரும்புத் துண்டு அளித்தது. பின்னாளில் ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் விளக்கிய, உழைப்பாளியின் அறிவு உழைப்பாளியிடமிருந்து பிரிந்து அவனுக்கு எதிரே நிற்கும் நிலை இதுவே.

படைக்கலச் சாலையின் மேலாளர் ஜேம்ஸ் ஸ்ரபிள்பீல்ட் ஹோலுக்கு இடையூறாகவே இருந்தார். ஆயின் அவரைக் கம்மியரின் தோழராகக் கொள்வது தவறு. உறவும் செல்வாக்கும் உடைய சில குடும்பங்கள் அவ்வூரின் வேலைவாய்ப்பையும் வணிகத்தையும் தம் பிடியில் வைத்திருந்தன. அப்பிடி தளரக் கூடாதென்பதே அவர்தம் கவலை. பழைய முறைமையிற் கம்மியர் நுகர்ந்த சுதந்திரம் உண்மையானது. அது இத்தகைய சலுகை வலைக்குள் அமைந்த சுதந்திரம் என்பதும் உண்மை. மேலும், அடிமை முறை நிலவிய வேர்ஜீனியாவின் மண்ணிலேயே இச்சாலை நின்றது.

1829இல் ஸ்ரபிள்பீல்டின் இடத்துக்கு வந்த தோமஸ் டன் கடும் ஒழுங்குகளை விதித்தார். 1830 ஜனவரியில், வேலை இழந்த எபனேசர் கொக்ஸ் என்னும் கம்மியன் அவரது அலுவலகத்திற்குச் சென்று அவரைச் சுட்டுக் கொன்றான். கொக்ஸ் தூக்கிலிடப்பட்டான். எனினும் கம்மியரிடையே அவன் வீரனாகவே நினைக்கப்பட்டான் என்பதை வரலாற்றாசிரியர் மெரிற் றோ ஸ்மித் 1977இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். 1841இல் நிர்வாகம் படையதிகாரிகளின் கைக்கு மாறியது. சுவரில் மணிக்கூடு ஏறியது. குறித்த நேரத்திற்கு வருவதும் போவதும் கட்டாயமாயின. 1842இல் கம்மியர் வேலைநிறுத்தம் செய்தனர். கால்வாய்ப் படகொன்றை அமர்த்தி வாஷிங்ரன் சென்று குடியரசுத் தலைவர் ரைலரிடமே முறையிட்டனர். அவர் இன்மொழி கூறி அனுப்பினாரேயன்றி, மணிக்கூட்டை இறக்கவில்லை.

கம்மியரின் எதிர்ப்பை வெறும் பிற்போக்கெனத் தள்ளுவது எளிது. அவர்கள் இரும்பையும் பல்லுருளையையும் வெறுத்தவர்களல்லர். இரும்பை ஆள்வதே அவர்கள் வாழ்வு. தமது உழைப்பின் மீது தமக்கிருந்த ஆட்சி கைநழுவுவதையே அவர்கள் எதிர்த்தனர். அந்த ஆட்சியைப் பொறிகளோடு சேர்த்தே வென்றெடுக்கும் அமைப்போ, கோட்பாடோ அன்று அவர்களிடம் இருக்கவில்லை. கொக்ஸின் தனிமனித வன்செயலும் தலைவரிடம் சென்ற முறையீடும் அவ்வில்லாமையின் இரு முகங்களாகும்.

4. தெரிவு

இனித் தொடக்க வினாவுக்கு வருவோம். இரு துப்பாக்கிகளுள் எது தெரியப்பட்டது? ஹாப்பர்ஸ் பெரியில் ஏறத்தாழ 20,000 ஹோல் றைபிள்கள் செய்யப்பட்டன. 1841இல் ஹோல் இறந்தார். 1840களின் முற்பகுதியுடன் அங்கு அவற்றின் உற்பத்தியும் நின்றது. அவரது முறையில் அமைந்த குதிரைப்படைக் குறுந்துப்பாக்கிகளை நோர்த் மேலும் சில காலம் செய்துவந்தார். ஆயின் படையின் பொதுவான தெரிவு பழகிய துப்பாக்கியே. 1841ஆம் ஆண்டு மாதிரி றைபிளும் 1842ஆம் ஆண்டு மாதிரி மஸ்கெற்றும் வாய்வழிக் கெட்டிப்பவையே.

இங்குதான் இவ்வரலாற்றின் உட்பொருள் வெளிப்படுகின்றது. அப்பழைய வடிவத் துப்பாக்கிகள் புதிய முறையிலேயே செய்யப்பட்டன. அவற்றின் உறுப்புகள் முற்றாகப் பரிமாற்றத்தக்கனவாய் இருந்தன. ஹோலின் துப்பாக்கியை அரசு கைவிட்டது. அதற்கெனத் தோன்றிய பொறிகளையும், அளவைகளையும், மணிக்கூட்டு ஒழுங்கையும் கைவிடவில்லை. துப்பாக்கிகளுக்கிடையிலான போட்டியிற் பழையது வென்றது. உழைப்பை ஒழுங்கமைக்கும் முறைகளுக்கிடையிலான போட்டியிற் புதியது வென்றது. அதிகாரிகளின் அறிக்கைகள் முதலாவது போட்டியைப் பற்றி விரிவாகப் பேசின. கம்மியரின் வாழ்வைத் தீர்மானித்ததோ இரண்டாவது. அதனை ஒரு தெரிவாக எவரும் அவர்கள் முன் வைக்கவில்லை.

5. பரவல்

1854இல் பிரித்தானியப் பொறிக் குழுவொன்று அமெரிக்கா சென்றது. ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலையில், 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கொன்றாகச் செய்யப்பட்ட பத்து மஸ்கெற்றுகளைப் பிரித்து, கலந்து, மீளப் பொருத்தி அக்குழுவினர் மன நிறைவு கொண்டனர். பொறிகள் வாங்கப்பட்டன, ஹாப்பர்ஸ் பெரியில் பணிபுரிந்த ஜேம்ஸ் பேட்டன் என்பவரே என்பீல்ட் தொழிற்சாலையின் தலைமைப் பொறியியலாளராக அமர்த்தப்பட்டார். உறுப்புறுப்பாகக் கைவேலை செய்துவந்த பேமிங்ஹாம் துப்பாக்கித் தொழிலுக்கு இது பேரிடியாயிற்று.

ஹாப்பர்ஸ் பெரியின் முடிவும் நினைக்கத்தக்கது. 1859 ஒக்ரோபரில் அடிமை ஒழிப்புப் போராளி ஜோன் பிறவுண் அப்படைக்கலச் சாலையைக் கைப்பற்றியபோது, அவருடைய தோழர் சிலர் ஹோலின் றைபிள் தொழிற்கூடத்தையும் பிடித்துவைத்திருந்தனர். 1861 ஏப்பிரலில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், பின்வாங்கிய கூட்டரசுப் படையினர் சாலைக்குத் தீ வைத்தனர். எரியாது எஞ்சிய பொறிகளைத் தென்பகுதியினர் பெயர்த்துச் சென்றனர். அடிப்புறத்திற் கெட்டிக்கும் துப்பாக்கியின் மேன்மையை உலகம் ஐயமறக் கண்டது 1866இல், ஆஸ்திரியாவைப் பிரசியா வென்றபோதே. ஹோல் இறந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

உறுப்புப் பரிமாற்ற முறை படைக்கலத்தோடு நிற்கவில்லை. தையற் பொறி, மிதிவண்டி, மோட்டார் வண்டி என அது விரிந்தது. துப்பாக்கி செய்த றெமிங்ரன் நிறுவனமே 1870களில் தட்டச்சுப் பொறியையும் செய்தது. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழுக்கெனத் தட்டச்சுப் பொறியொன்றை அமைக்க முடிந்ததும் இந்நெடிய வரலாற்றின் ஒரு கிளையே. எனவே புதிய முறையைப் பழிப்பது எமது நோக்கமன்று. மனித உழைப்பின் ஆற்றலை அது பன்மடங்காக்கியது என்பதை மறுப்போர் வரலாற்றை மறுப்போராவர்.

ஆயினும், புதிய கருவிக்கும் பழைய கருவிக்கும் இடையில் தெரிவு செய்யுமாறு எந்தச் சமூகமும் கேட்கப்படும்போது, எது விரைவானது, எது மலிவானது என்ற வினாக்களோடு நின்றுவிடுதல் போதாது. அக்கருவியைச் செய்பவர் யார், அதற்கான அறிவு யாரிடமிருந்து யாரிடம் செல்கிறது, நேரத்தை அளக்கும் மணிக்கூடு யார் கையில் இருக்கிறது என்பனவும் கேட்கப்படவேண்டும். ஹாப்பர்ஸ் பெரியில் இவ்வினாக்களைக் கேட்டவர்கள் கம்மியர் மட்டுமே. அவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. ஆயினும் அவர்கள் கேட்ட வினா பிழையானதன்று.