முப்பத்து மூன்றாம் நாள்

தீர்ப்பு வழங்குவோரும் தவறக்கூடும் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டதன் அடையாளந்தான் மேல்முறையீடு. ஆயினும் அவ்வாயில் என்றென்றும் திறந்திருப்பதில்லை. இத்தனை நாள்களுக்குள் வந்தாக வேண்டும் எனச் சட்டம் எல்லை வகுக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. சாட்சிகள் மறைவர், நினைவுகள் மங்கும், பாதிக்கப்பட்டோர் வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்பர். ஆதலால் எல்லையே வேண்டாமென நாம் கூறிவிட இயலாது. ஆனால் எல்லையைத் தவறவிட்டவர் கைதியல்லர், அவருக்காக வாதாட வந்தவர் என்றால், அதன் விளைவைச் சுமக்க வேண்டியவர் யார்? வரலாறு இதற்கு ஒரே விடையைத் தந்துவிடவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப்பகுதியில் உள்ளது கிரண்டி என்னும் சிற்றூர். 1981ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே ஓர் இளம்பெண் தம் வீட்டிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரியின் கணவரும் சுரங்கத் தொழிலாளியுமான ரோஜர் கோல்மன் கைதானார். 1982இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முதல் மேல்முறையீடு தோற்றது. விசாரணையில் குறைகள் நேர்ந்தன என்று கூறி அவர் தரப்பினர் மீண்டும் மனுச் செய்தனர். 1986இல் அதுவும் தள்ளுபடியாயிற்று. இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக அறிவிக்க மாநில விதி தந்த காலம் 30 நாள்கள். வழக்கறிஞர்கள் அறிவிப்பைத் தாக்கல் செய்ததோ 33ஆம் நாள். அந்த மூன்று நாள் தாமதத்திற்காக வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் முறையீட்டை ஏற்க மறுத்தது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991 ஜூன் 24 அன்று ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வெளிவந்தது. பெரும்பான்மையோர் சார்பில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் பிரதிநிதி. இந்நிலையில் வழக்கறிஞரைப் பெறும் உரிமையை அரசியல் சட்டம் அளிக்கவில்லை. எனவே பிரதிநிதியின் பிழை கட்சிக்காரரையே சாரும் என்பது அதன் சாரம். நீதிபதி ஹாரி பிளாக்மன் கடுமையாக மறுத்தெழுதினார். 1992 மே 20 அன்று கோல்மன் மின்சார நாற்காலியில் உயிரிழந்தார். தாம் குற்றமற்றவர் என்றே அவர் இறுதிவரை கூறினார்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. ஆளுநர் மார்க் வார்னரின் ஆணைப்படி, எஞ்சியிருந்த தடயம் புதிய மரபணுச் சோதனைக்கு உள்ளாயிற்று. 2006 ஜனவரியில் முடிவு வந்தது. தடயம் கோல்மனுடையதே.

அப்படியானால் அந்த மூன்று நாள்களைப் பற்றி இனி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். நாம் சற்று நின்று சிந்திப்போம். 1991இல் வாயிலை அடைத்தவர்களுக்கு 2006இல் வரப்போகும் விடை தெரியாது. குற்றவாளியோ நிரபராதியோ, அன்று அவ்வாயில் ஒன்றுபோலவே அடைபட்டிருக்கும். மேலும், வழக்கிற்கு முடிவு வேண்டும் என்பதற்காகவே காலவரம்பு ஏற்பட்டது. இங்கோ தண்டனை நிறைவேறிய பின்னும் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஐயம் நீடித்தது. கொலையுண்டவரின் குடும்பத்தாரும் அந்த ஐயத்தின் சுமையைத் தாங்கினர். கேளாமல் மூடிய வழக்கு மனங்களில் மூடப்படுவதில்லை.

அதே நீதிமன்றம் 2012இல் வேறொரு வழக்கைச் சந்தித்தது. அலபாமா மாநிலத்தில் மரண தண்டனை பெற்ற கோரி மேப்பிள்ஸ் என்பவருக்கு நியூயார்க்கைச் சேர்ந்த இருவர் கட்டணமின்றி வாதாடினர். பின்னர் இருவரும் அவரிடம் சொல்லாமலே தம் அலுவலகத்தை விட்டு விலகினர். மனு தள்ளுபடியான செய்தியை நீதிமன்றம் அஞ்சலில் அனுப்பியது. உறைகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. உள்ளூர் வழக்கறிஞரும் வாளாவிருந்தார். மேல்முறையீட்டுக்கான 42 நாள்கள் கழிந்தன. கைவிட்டுச் சென்றவரைப் பிரதிநிதி எனக் கருதுவது முறையன்று என எழுவர் தீர்ப்பளித்தனர், இருவர் மறுத்தனர். பிழை செய்தவரின் சுமை கைதியையே சாரும். கைவிட்டவரின் சுமை சாராது. மெல்லிய கோடுதான், ஆனால் அதன்மேல் ஓர் உயிர் நின்றது.

நம் நாட்டில் 1978இல் ஹோஸ்காட் வழக்கு எழுந்தது. உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்து நான்காண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தீர்ப்பின் நகல் தமக்குக் கிட்டவில்லை என்றார். கொடுத்தோம் என்றது சிறை நிர்வாகம். ஆனால் அவர் கையொப்பமிட்ட சான்று இல்லை. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு அவர் மனுவைத் தள்ளியது. எனினும் அத்துடன் நிற்கவில்லை. தீர்ப்பின் நகலைக் கைதிக்கு இலவசமாக, விரைந்து அளிக்க வேண்டும். எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த இயலாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை அமர்த்த வேண்டும் எனப் பணித்தது. தம் மனுவில் தோற்ற ஒருவரின் பெயரால் பின்வந்த கைதிகளுக்கு வழி பிறந்தது.

நமது 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் சிறைத் தண்டனையை எதிர்த்த உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 60 நாள்கள் தருகிறது. நகல் பெறுவதற்கான காலத்தைக் கணக்கினின்று நீக்குகிறது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் இடமளிக்கிறது. 'மன்னித்தல்' என்னும் சொல் நீதிமன்ற வழக்கில் இடம்பெற்றிருப்பது சிறிய செய்தியன்று. ஆயினும் அச்சொல்லுக்கு உயிரூட்ட ஆள் வேண்டும். சுவருக்குள் இருப்பவரால் அஞ்சலகத்திற்கும் வழக்கறிஞர் இல்லத்திற்கும் நடக்க இயலாது. அவருடைய நாள்களை எண்ணுவது வெளியே இருக்கும் நமது கடமையாகிறது.