மண்ணுக்குள் மன்னரின் காரீயம்

கிரிமியா யுத்தத்தை 1855-ல் படமெடுத்த ரோஜர் ஃபென்டனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கு முந்தைய வருஷம் அதே குதிரை வண்டியோடு அவர் எங்கே போனார் தெரியுமா? இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பாழடைந்து கிடந்த ரீவோ மடாலயத்துக்கு!

ஒயின் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கிய வண்டி அது. உள்ளேயே இருட்டறை. வேறு வழி? கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கழுவியும் முடித்தாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் தகடு குப்பைக்குத்தான்.

கூரையில்லாத சுவர்கள், வளைவுகள், செடிகொடிகள்... ஏதோ காலம் மெள்ள மெள்ள அரித்துத் தின்ற கட்டடம் போலத் தோன்றும். அதுதான் இல்லை! 1132-ல் துறவிகள் நிறுவிய மடத்தை 1538-ல் மூடவைத்தவர் எட்டாம் ஹென்றி. சொத்தெல்லாம் அரசுக்கு. கூரையில் வேய்ந்திருந்த காரீயத்தை உரித்து, உருக்கி, பாளங்களாக வார்த்தார்கள். காரீயம் என்றால் காசாச்சே! மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது.

இதில் ஒரு கூத்து. சில பாளங்கள் மேல் சுவர் இடிந்து விழ, அப்படியே புதைந்துபோயின. ஃபென்டன் காமிராவை நிறுத்தியபோதும் அவை அங்கேதான், இடிபாட்டுக்கு அடியில். 1920-களில் மண்ணை அகற்றியபோது அகப்பட்டன... அரச முத்திரையோடு! யார்க் பேராலயத்தின் ‘ஐந்து சகோதரிகள்’ ஜன்னலைப் பழுதுபார்க்கப் பயன்பட்டது அந்தக் காரீயம்தான்.