பெண் எடுத்த ஊர்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களில் பூர்வீகம் பற்றிப் பேச்சு வந்தால், 'எங்களுக்கு இது வந்த ஊர்தான்' என்று தொடங்கும் குடும்பங்கள் பல. அதில் வியப்பில்லை. பெரும்பாலும் ஆற்றுப் பாசனமில்லாத இந்தக் கரிசல் காடு மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த பூமி. மழை பொய்த்தால் மக்கள் பெயர்வார்கள், ஏரி நிறைந்தால் வேறு யாராவது வந்து குடியேறுவார்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் குடிகள் இறங்கினார்கள். 1751இல் வாலிகண்டபுரத்தையும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் சுற்றி ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகப் பிரதேசத்துக்குள் பாய்ந்தது. ஒவ்வொரு கலவரத்திலும் சில ஊர்கள் காலியாகி, பிறகு புது ஆட்களால் நிரம்பின. இப்படி வந்து குடியேறிய ஒரு விவசாயக் குடும்பம் தன் வரலாற்றைத் தேடப் புறப்பட்டால், முதலில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றுக்கும் உள்ள பதிவேடுகளைப் பார்க்கச் சொல்வார்கள். மூன்றையும் சமமாக வைத்துத் தேடுவது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது என்பது என் வாதம். இங்கே திருமணமே மூல ஆவணம். பிறப்பையும் இறப்பையும்கூட அதன் வழியாகப் படித்தால்தான் அவை பேசும்.

காகிதத்தின் நிலையை முதலில் பார்த்துவிடலாம். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899இல் வந்தது. கிராமங்களில் அந்தப் பதிவேட்டை வைத்திருந்தவர் கிராம முன்சீப். வரி வசூல், சிறு வழக்கு, காலரா அறிக்கை எல்லாவற்றுக்கும் நடுவே அவர் இதையும் எழுதினார். சொன்னால் எழுதுவார், சொல்லாதது ஏறாது. இந்தியா முழுமைக்குமான பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அந்தச் சட்டமே குழந்தையின் பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்று இடம் கொடுத்தது. அதனால் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதி, தகப்பன் பெயரோடு நின்றுபோன வரிகள் இன்றும் கிடக்கின்றன. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரை நியமித்தது. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியோ, கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்டுக் காட்டிய பிள்ளைக்கு வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளாகப் போட்டுக்கொடுத்தது. இந்துத் திருமணங்களுக்கு நெடுங்காலம் பதிவே தேவைப்படவில்லை. எல்லா மதத்தினரும் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல்தான் வந்தது. ஆக, அரசு ஏட்டில் மிகக் கடைசியாக ஏறியது திருமணம். அதையே மூல ஆவணம் என்று சொல்வது முதல் பார்வைக்கு முரணாகத்தான் தெரியும்.

முரண் இல்லை. ஏடு இல்லாத இடத்தில் எது துல்லியமாக நினைவில் நிற்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தேவை இருக்கும் நினைவு நிற்கும். அதிலும் எதிராளி சரிபார்க்கும் நினைவு இன்னும் உறுதியாக நிற்கும். ஒரு பெண் கேட்டு வந்தால் முதல் கேள்வியே குலதெய்வம் எது என்பதுதான். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அங்கே கொள்வினை கொடுப்பினை கிடையாது. அடுத்து, உங்கள் பாட்டி எந்த ஊர்ப் பெண், அத்தையை எங்கே கொடுத்தீர்கள் என்று கேள்வி நீளும். முறை தப்பினால் இரண்டு குடும்பத்துக்கும் தலைமுறைக்கும் பழி என்பதால், கேட்கிறவர்கள் சும்மா கேட்பதில்லை. ஊருக்கு ஊர் ஆள்விட்டு விசாரிப்பார்கள். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு நின்ற சாட்சியைப்போல, இந்த நினைவு ஒவ்வொரு தலைமுறையிலும் எதிர்த்தரப்பால் உலுக்கிப் பார்க்கப்பட்டது. பிறந்த தேதிக்கு அப்படி ஒரு சோதனையும் நடந்ததில்லை. 'தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம்', 'மருதையாத்துப் பாலத்தில் ரயில் கவிழ்ந்த வருஷம்' என்று சொன்னால் போதுமானதாக இருந்தது. முன்னது 1876-77. பின்னது 1956 நவம்பரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே விழுந்த விபத்து. வருஷத்தை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெண் எடுத்த ஊரை அப்படிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது சொல்லியாக வேண்டும்.

குடியேறிய குடும்பத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். புதிய ஊரில் வந்து விழுந்தவர்களுக்கு உடனே சொந்தம் கிடைக்காது. முதல் ஒன்றிரண்டு தலைமுறைக்கு அவர்கள் விட்டுவந்த ஊரின் பக்கமே பெண் எடுக்கிறார்கள், பெண் கொடுக்கிறார்கள். பிறகு வழியில் உள்ள ஊர்கள், அதற்கும் பிறகு பக்கத்து ஊர்கள். ஒரு குடும்பத்தின் மருமகள்கள் வந்த ஊர்களை வயது வரிசையில் பின்னோக்கி வைத்துப் பார்த்தால், அந்தக் குடும்பம் வந்த திசை தெரியத் தொடங்கும். குலதெய்வக் கோயில் அதை உறுதிசெய்யும், அல்லது மறுக்கும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சன்னிதியில் திங்களும் வெள்ளியும் வெளியூர்க் குடும்பங்கள் வந்து, அங்கேயே அரிசியை இடித்து மாவிளக்குப் போடுவதைப் பார்க்கலாம். அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளைக் கம்பமாகவே கும்பிடுகிறார்கள். விளைந்த தானியத்தையும் கன்றையும் கொண்டுவந்து அங்கே செலுத்தும் குடும்பங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. இடம் மாறிப் பல தலைமுறை ஆன பிறகும் முதல் முடியிறக்க இங்கே வந்தாக வேண்டும் என்ற கட்டாயம், ஒருகாலத்தில் இங்கிருந்து போனவர்களின் முகவரியைத் தொலையாமல் வைத்திருக்கிறது. எதிர்த்திசையிலும் அப்படியே. பெரம்பலூரில் இருந்துகொண்டு வேறு மாவட்டத்துச் சாமிக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் தங்கள் பழைய ஊருக்கு வழிகாட்டுகிறார்கள்.

இதற்கு எதிராக எழும் வலுவான ஆட்சேபம் பெண்களைப் பற்றியது. குலதெய்வம் ஆண்வழி. கல்யாணமானவுடன் பெண் புகுந்த வீட்டுச் சாமியைக் கும்பிடத் தொடங்குகிறாள். அப்படியானால் பாதிக் குடும்பம் காணாமல் போகவில்லையா? அரசு ஏட்டை மட்டும் நம்பினால் போய்விடும்தான். சடங்குகளைக் கவனித்தால் வேறு கதை. குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், சீர் அவன் கொண்டுவர வேண்டும். அதாவது ஒவ்வொரு பிறப்பும் தாயின் ஊரை மேடைக்கு அழைக்கிறது. அந்தப் பெண் கிழவியாகிச் செத்தாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்து போர்த்தும்வரை எடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள், அவர்களும் இல்லாவிட்டால் அந்த வகையறாவில் யாராவது கோடித் துணியோடு வந்து நிற்க வேண்டும். இறப்புப் பதிவேட்டில் அவள் 'இன்னாரின் மனைவி'. கோடி போடுகிற இடத்தில் அவள் இன்ன ஊர்ப் பெண். இரண்டில் எது முழுமையான பதிவு என்று கேட்டால், எனக்குத் தயக்கமே இல்லை. மொய் நோட்டையும் இதோடு சேர்க்க வேண்டும். ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக எழுதப்பட்ட அந்த நோட்டைக் கடனாகவே கருதிப் பாதுகாக்கிறார்கள், திருப்பிச் செய்ய வேண்டுமே. ஒரு வீட்டில் ஐம்பது ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு மொய் நோட்டுகள் இருந்தால், எந்த ஊர் உறவு அறுந்தது, எது புதிதாக வந்தது என்பதை நாள் குறித்துச் சொல்லிவிடலாம்.

முழுமையான பதிவேடு இருந்தால் இந்தச் சுற்றுவழி எதற்கு என்று கேட்கலாம். அதைச் சோதிக்க இந்த வட்டாரத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு மாதாவுக்குக் கோயில் கட்டினார். வரதராஜன்பேட்டை, தென்னூர் என்று அரியலூர் மாவட்டத்தில் கத்தோலிக்க ஊர்கள் வேறும் உண்டு. 1563இல் முடிந்த திரெந்து சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் குரு ஏட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. 1614இல் அடக்கமும் சேர்ந்தது. ஆக, கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் மரபு அரசுப் பதிவேட்டைவிட மிகப் பழையது. ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். ஆனால் குடும்பப் பெயர் இல்லாத சமூகத்தில், ஒரே பங்கில் ஒரே காலத்தில் நான்கு சவரிமுத்து, ஐந்து ஆரோக்கியசாமி இருந்தால் ஞானஸ்நான ஏடு மட்டும் அவர்களைப் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது திருமண ஏடு. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்லி, பெண் எந்தப் பங்கு, யார் மகள் என்று எழுதியிருக்கும். இன்னொன்றும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி நெருங்கிய இரத்த உறவுக்குள் மணம் செய்யத் தனி அனுமதி வேண்டும். அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுவது நம் வழக்கம். எனவே அந்த அனுமதிக் குறிப்பே, மாப்பிள்ளையும் பெண்ணும் எந்த வழியில் உறவு என்பதை எழுதிவைத்துவிடுகிறது. தடுக்க வந்த விதி, தடுக்க நினைத்ததையே ஆவணமாக்கியது. முழுமையான ஏடு உள்ள இடத்திலும் திருமணமே திறவுகோல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குடும்ப நினைவு தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் என்பதும் உண்மை. ராஜா எங்களை அழைத்து நிலம் கொடுத்தார், காஞ்சியிலிருந்து பல்லக்கில் வந்தோம் என்பவை சாதி மாறினாலும் அச்சு மாறாத கதைகள். அவற்றை ஒதுக்கிவிடலாம். சொல்கிறவர்களுக்குப் பெருமை தராத செய்திகளை ஒதுக்கக் கூடாது: இரண்டாம் தாரம் எடுத்த ஊர், சீர் குறைந்ததால் அறுந்த சம்பந்தம், பெண் கொடுக்க மறுத்த பங்காளித் தகராறு. இவற்றை யாரும் ஆசைப்பட்டுப் புனைவதில்லை. நிலப் பத்திரங்களோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். சாவுக்குப் பிறகு வரும் பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று, தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா ஆகியவை இறப்பை உறுதிப்படுத்தும். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு 1990களின் பிற்பகுதியில் நிலம் கையகப்படுத்தத் தொடங்கியபோது, இழப்பீடு யாருக்கு என்ற கேள்வி பல குடும்பங்களை வாரிசு வரிசை எழுத வைத்தது. ஆனால் உடையார்பாளையம், அரியலூர் ஜமீன்களுக்குள் இருந்த ஊர்களில் அரசுக் கணக்கை நம்பி அதிக தூரம் போக முடியாது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, அளந்து பட்டா கொடுத்த பிறகுதான் உழுதவரின் பெயர் நேராக அரசு ஏட்டில் ஏறியது.

நிலமே இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினம், இங்கே என் வாதம் சிரமப்படுகிறது என்பதை மறைக்கக் கூடாது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலமும் பெரும்பாலும் கைமாறிப் போயிற்று. அவர்களின் சேரிகளிலிருந்துதான், ஊரில் யார் செத்தாலும் பத்துப் பதினைந்து கிராமத்துக்கு நடந்துபோய்ச் சாவு சொல்ல ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். விரும்பிச் செய்த வேலை அல்ல, திணிக்கப்பட்ட ஊழியம். எந்த வீட்டுப் பெண் எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள், யாருக்குச் சொல்லாவிட்டால் கோபம் வரும் என்ற முழுப் பட்டியலும் அவர்கள் தலைக்குள் இருந்தது. நிலக்காரக் குடும்பங்களின் மண உறவுகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் கிடையாது. அவர்களுடைய உறவுகளை எழுதிவைக்கத்தான் யாரும் இல்லை. இருந்தாலும் தாய்மாமன் சீரும் பிறந்த வீட்டுக் கோடியும் குலதெய்வமும் அங்கேயும் உண்டு. இவற்றுக்கு நிலம் தேவையில்லை. பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தேடினால் அந்தக் குடும்பங்களுக்கு வரலாறே இல்லை என்று முடிவாகிவிடும். மணவழியில் தேடினால் குறைந்தது தொடங்கவாவது முடியும்.

கடைசி ஆட்சேபம் கடலுக்கு அப்பாலிருந்து வருகிறது. பெரம்பலூர், துறையூர், முசிறிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களிடம், சீரும் கோடியும் உங்களைக் காப்பாற்றியதா என்று கேட்டால் என்ன சொல்வது? 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரால் அதைக் காட்ட முடியவில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அரசின் முன்னால் காகிதமே உயிர் என்பதை அந்த மக்கள் அளவுக்கு யாரும் அறிந்ததில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் கேட்டது தகப்பன் வழி ஒன்றைத்தான். தாய் எந்த ஊர், அவளைப் பெற்றவள் எந்த ஊர் என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்கள் சொந்தத்தைத் தேடியபோது, கையிலிருந்த குடும்ப அட்டை மாவட்டத்தையும் வட்டத்தையும் காட்டலாம். எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதைக் காட்டாது. அதற்குக் குலதெய்வத்தின் பெயரும், பாட்டியைக் கொடுத்த ஊரின் பெயரும் நினைவிலிருக்க வேண்டும். இன்று தேடப் புறப்படும் குடும்பம் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதுவதற்கு முன்னால், வீட்டில் மிக வயதான பெண்ணிடம் உட்கார்ந்து, அவளையும் அவள் மாமியாரையும் அந்த மாமியாரின் மாமியாரையும் எந்த ஊரிலிருந்து கட்டிவந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மனுவுக்கு அடுத்த மாதமும் இடம் உண்டு.