இசைவும் ஐயமும்: துக்காராம் வழக்கை முன்வைத்து

செட்டிநாட்டு நகரத்தார் திருமணத்தில் 'இசைகுடிமானம்' என்றொரு பத்திரம் உண்டு. முன்பு ஓலையில் எழுதினார்கள். இசை என்றால் சம்மதம். கையெழுத்துப் போடுகிறவர்கள் இரண்டு வீட்டுத் தகப்பன்மார். காரைக்குடிக்காரங்களைக் கேலி பண்ண இதைச் சொல்லவில்லை. மற்ற சாதிகள் ஓலை எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இசைவு வீடுகளுக்கு இடையிலானது; பெண்ணின் இசைவைத் தனியாகப் பதியத் தேவையில்லை என்ற மனக்கட்டமைப்பு எல்லோருக்கும் பொது.

அது நீதிமன்றத்துக்குள் வந்தபோது என்ன ஆயிற்று? 'துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு' வழக்கைப் பார்க்கலாம். (இயக்கங்கள் அந்தப் பெண்ணின் பெயரால் அழைத்த வழக்கு. பெயரை நான் எழுதவில்லை.) 1972 மார்ச் 26 இரவு, சந்திரபூர் மாவட்டத்துத் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். விசாரணைக்கு வந்த ஆதிவாசிச் சிறுமி உள்ளே நிறுத்தப்படுகிறாள், உறவினர்கள் வெளியே. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். 1974இல் செஷன்ஸ் நீதிமன்றம், அவள் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள் என்று சொல்லி விடுவித்தது. 1976இல் உயர் நீதிமன்ற நாகபுரி அமர்வு, பயந்து அடங்கிப்போவது இசைவாகாது என்று தண்டித்தது. 1978 செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. அந்த மூன்று நீதிபதிகளில் நம்ம சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. எஸ். கைலாசமும் ஒருவர், வடக்கத்தி விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

உடம்பில் காயமில்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே இசைந்தாள். இந்த 'ஆகவே'க்களைத்தான் கவனிக்கணும். நியாயமான ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு என்பது, அரசுக்கு எதிரே தனியாக நிற்கிற மனிதனைக் காப்பாற்ற வந்த விதி. இங்கே காக்கிச்சட்டையே அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டது.

1979இல் உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1983இல் சாட்சியச் சட்டத்தில் 114-ஏ வந்தது: காவலில் நடந்த பலாத்காரத்தில் உறவு நிரூபணமாகி, இசையவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு இது சரி. ஆனால் எல்லா வழக்கிலும் நிரூபணச் சுமையைத் திருப்பிவிடலாம் என்கிற தோழர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தடாவில் அதே அனுமானத்தை நாம்தானே எதிர்த்தோம்? சேரிப் பையன்மேல் வழக்குப் போட போலீசுக்குச் சொல்லியா கொடுக்கணும்?

ஐயத்தை ஒழிக்க வேண்டாம். அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கணும். கனடா உச்ச நீதிமன்றம் 1999இல் ஈவான்சுக் வழக்கில் இதைத்தான் செய்தது. வேலைக்கு நேர்காணல் வந்த 17 வயதுப் பெண் திரும்பத் திரும்ப 'வேண்டாம்' என்றிருந்தாள். பயத்தைக் காட்டிக்கொள்ளாத அவள் நடத்தையிலிருந்து 'உள்ளார்ந்த இசைவு' என்று கீழ்க் கோர்ட் ஊகித்தது. அப்படி ஓர் இசைவே சட்டத்தில் கிடையாது, அவள் மனசில் இசைவு இருந்ததா என்பதே கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். சுமை அரசுத் தரப்பிடமே இருந்தது.

இங்கே, பெண்ணின் 'நடத்தை'யைக் கிளறிச் சாட்சியத்தைக் கெடுக்க அனுமதித்த 155(4) பிரிவை நீக்கவே 2002இன் திருத்தச் சட்டம் வரவேண்டியிருந்தது. உடல்ரீதியாக எதிர்க்காததை மட்டும் வைத்து இசைவு என்று கொள்ளக்கூடாது என்று 2013இல் எழுதினார்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63வது பிரிவிலும் அது இருக்கிறது. அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது: 18 வயது நிரம்பிய மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு பலாத்காரமல்ல. அங்கே இசைந்தாளா என்று ஐயப்படக்கூட கோர்ட்டுக்கு வேலையில்லை.