எக்டோபிளாசம்: ஆவிக்குக் கிடைத்த சல்லாத்துணி உடம்பு

தமிழில் "ஆவி" என்ற ஒரே சொல்தான் இட்லிப் பானையிலிருந்து கிளம்புவதற்கும், இறந்து போனவர்களுக்கும். இரண்டையும் கையால் பிடிக்க முடியாது என்பதுதான் ஒற்றுமை! ஆனால் சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் டாக்டர்களும் பேராசிரியர்களும் கூட ஆவியைத் தொடலாம், போட்டோ எடுக்கலாம் என்று நம்பினார்கள். அப்படித் தொட்டுப் பார்க்கக் கூடிய ஆவிப் பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் எக்டோபிளாசம். 1984-ல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படம் பார்த்தவர்களுக்கு அது வெறும் பச்சைக் கொழகொழப்பு. உண்மைக் கதை அதைவிட விசித்திரமானது, கொஞ்சம் சோகமானதும் கூட.

பெயர் வைத்தவர் யார்?

சார்ல்ஸ் ரிஷே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர். ஒவ்வாமை அதிர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்காக 1913-ல் மருத்துவ நோபல் பரிசு வாங்கியவர். "வெளியே" என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லையும், உயிரணுப் பொருளைக் குறிக்கும் "பிளாசம்" என்பதையும் சேர்த்து, 1894 வாக்கில் இந்த வார்த்தையை உருவாக்கினார்.

ஆவிகளோடு பேசுபவரை மீடியம் என்பார்கள். இருட்டறையில் அவர் மயக்க நிலைக்குப் போனதும் வாய், மூக்கு வழியாக வெள்ளையாக ஒரு பொருள் வெளியே வரும். அது கையாக, முகமாக, சில சமயம் முழு ஆளாகவே உருவெடுக்கும். இதுதான் எக்டோபிளாசம் பற்றிய நம்பிக்கை. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. வெளிச்சம் பட்டால் அது "சடாரென்று" உடம்புக்குள் திரும்பிவிடும், அதனால் மீடியத்தின் உயிருக்கே ஆபத்து என்பார்கள். அதாவது யாரும் டார்ச் அடிக்கக் கூடாது! மோசடிக்கு இதைவிட வசதியான விதி கிடைக்குமா?

பிரான்சில் ஏவா சி. என்ற புனைபெயரில் ஒரு மீடியம் பிரபலமாக இருந்தார். அவரைச் சுற்றித் தோன்றிய "ஆவி முகங்களை" நெருங்கிப் பார்த்தவர்களுக்கு அமெரிக்க அதிபர் வில்சன், பிரெஞ்சு அதிபர் புவான்காரே சாயல்கள் தெரிந்தன. இருவருமே அப்போது உயிரோடுதான் இருந்தார்கள்! ல மிருவார் என்ற பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்கள் அவை. ஒரு போட்டோவில் பத்திரிகைப் பெயரின் எழுத்துகளே பாதி தெரிந்தன.

அப்படியும் ஏன் நம்பினார்கள்?

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. பிரிட்டிஷ் பேரரசின் வீரர்கள் லட்சக்கணக்கில் இறந்தார்கள். உடல்களை ஊருக்குக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை. இறந்த மண்ணிலேயே புதைக்க வேண்டும் என்பது முடிவு. பலருக்குப் புதைக்க உடலே கிடைக்கவில்லை. பிரான்சில் உள்ள தியப்வால் நினைவுச் சின்னத்தில் மட்டும், கல்லறை தெரியாத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

ஒரு தாய்க்கு மகன் இறந்ததாகத் தந்தி வருகிறது. அவன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை, அடக்கம் செய்யவில்லை. அந்த நிலையில் யாராவது "உன் மகன் வருவான், பார்க்கலாம், தொடலாம்" என்றால்? எக்டோபிளாசம் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு உடம்பு. தேவை இருக்கும் இடத்தில் சரக்கு வந்து சேரும் என்பது சந்தையின் பழைய விதி. இங்கே தேவை துக்கம். சரக்கு சல்லாத்துணி.

ஹெலன் டங்கன்

அந்தச் சரக்கை விற்றவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹெலன் டங்கன். 1897-ல் காலண்டர் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். கணவர் போரில் உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். ஆறு குழந்தைகள். பிளீச்சிங் ஆலையில் வேலை பார்த்தும் போதவில்லை. ஆவி அழைப்புக் கூட்டங்கள்தான் குடும்பத்தைக் காப்பாற்றின.

1931-ல் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர் லண்டனில் அவரைச் சோதித்தார். போட்டோக்களில் "ஆவிப் பொருளில்" துணியின் நெசவும் மடிப்புக் கோடுகளும் ஓட்டைகளும் தெரிந்தன. டங்கன் துணியை விழுங்கிவிட்டு, பிறகு வெளியே கொண்டுவருகிறார் என்று பிரைஸ் சந்தேகித்தார். ஒரு கூட்டத்தில் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றதும் டங்கன் தெருவுக்கு ஓடி, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். சமாதானப்படுத்தக் கணவர் பின்னால் போனார். திரும்பி வந்ததும் "இப்போது எடுங்கள்" என்றார் டங்கன். கணவரைச் சோதனை போடலாமா என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார்! இன்னொரு கூட்டத்தில் டாக்டர்கள் கத்தரிக்கோலோடு காத்திருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அது முட்டை வெள்ளைக்கருவில் ஊறிய காகிதம்.

1933-ல் எடின்பரோவில் "பெக்கி" என்ற குழந்தை ஆவியை ஒரு பெண்மணி எட்டிப் பிடித்தார். கையில் சிக்கியது ஒரு உள்பனியன். நீதிமன்றம் 10 பவுண்டு அபராதம் போட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த போர் வந்தது.

பர்ஹம் கப்பல்

1941 நவம்பர் 25 அன்று மத்தியதரைக் கடலில் எச்.எம்.எஸ். பர்ஹம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் மூழ்கியது ஜெர்மானியர்களுக்கு உறுதியாகத் தெரியாததால், அரசு செய்தியை இரண்டு மாதம் வெளியிடவில்லை. குடும்பங்களுக்கு மட்டும் "வெளியே சொல்ல வேண்டாம்" என்று கடிதம் போனது.

அந்த நாட்களில் கடற்படை நகரமான போர்ட்ஸ்மவுத்தில் டங்கன் நடத்திய கூட்டத்தில், பர்ஹம் கப்பல் பெயர் பொறித்த தொப்பியோடு ஒரு மாலுமியின் ஆவி வந்ததாகச் சொல்லப்படுகிறது. போர்க்காலத்தில் மாலுமிகளின் தொப்பிப் பட்டையில் கப்பல் பெயரே இருக்காது, எச்.எம்.எஸ். என்று மட்டும்தான் இருக்கும். அதை அந்த ஆவி மறந்துவிட்டது போலும்! ரகசியம் எப்படித் தெரிந்தது? நூற்றுக்கணக்கான வீடுகளுக்குக் கடிதம் போன பிறகு ஒரு துறைமுக ஊரில் அது எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்?

1944 ஜனவரி 19 அன்று அதே ஊரில் ஒரு கூட்டத்தின் நடுவே டங்கன் கைதானார். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ். மார்ச்சில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? 1735-ஆம் வருடத்துச் சூனியச் சட்டத்தில்! கிடைத்தது ஒன்பது மாதச் சிறை. போர் நேரத்தில் இந்தப் பழங்காலக் கூத்துக்கு எவ்வளவு செலவானது என்று பிரதமர் சர்ச்சில் உள்துறை அமைச்சரிடம் எரிச்சலோடு கேட்டார்.

டங்கனை "பிரிட்டனின் கடைசி சூனியக்காரி" என்று பலர் எழுதுவார்கள். அது இரண்டு வகையில் தவறு. அந்தச் சட்டம் சூனியம் செய்வதைத் தண்டிக்கவில்லை, அந்தச் சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைத்தான் தண்டித்தது. அதே 1944-ல், டங்கனுக்குப் பிறகு இன்னொரு பெண்மணியும் அதே சட்டத்தில் தண்டிக்கப்பட்டார். 1951-ல் அது நீக்கப்பட்டு, போலி மீடியங்களுக்கான தனிச் சட்டம் வந்தது. 2008-ல் அதுவும் போய், நுகர்வோர் பாதுகாப்பு விதிகளுக்குள் இந்த விஷயம் அடங்கிவிட்டது. சூனியத்தில் தொடங்கி நுகர்வோர் உரிமையில் வந்து நின்ற சட்டம்! டங்கன் 1956 டிசம்பரில் இறந்தார்.

யார் குற்றவாளி?

டங்கன் ஏமாற்றினார் என்பதில் சந்தேகமில்லை. அழுதுகொண்டு வந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு துணியைக் காட்டினார். ஆனால் ஓல்ட் பெய்லியில் சாட்சிக் கூண்டில் ஏறிய பலர், இறந்த சொந்தங்களை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே "பார்த்தார்கள்". மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் அசைந்த துணிக்கு முகம் கொடுத்தது அவர்களுடைய ஏக்கம்.

டங்கனிடம் கைப்பற்றிய ஒரு துண்டு "எக்டோபிளாசம்" இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பார்த்தால் சாதாரணத் துணி. வெளிச்சம் பட்டும் அது மறைந்து போகவில்லை.

ஆவி அழைக்கும் மேஜைகள் குறைந்தது விஞ்ஞானம் வளர்ந்ததால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. உடல் கிடைக்காத சாவுகள் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கடலில் போனவர்கள், காணாமல் போனவர்கள், என்ன ஆனார்கள் என்றே சொல்லப்படாதவர்கள்... இவர்களுடைய வீடுகளில்தான் கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கிறது. அந்தக் கதவு வழியாக நுழைவது எப்போதும் ஒரு டங்கன்தான். அதைச் சாத்த உதவுவது கேலி அல்ல. சரியான செய்தியும், அழுவதற்கு ஒரு இடமும்தான்.